மருந்து சந்தைச் சரக்காகுமா?

இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்வெளி. காலபோக நெல் கதிர் தள்ளும் காலம். நள்ளிரவு கழிந்த வேளையில் கமக்காரர் ஒருவர் கையில் டோர்ச் விளக்குடன் வரம்பின்மீது நடந்து சென்று, வாய்க்கால் நீரைத் தம் வயலுக்குத் திருப்பிவிடக் குனிகின்றார். காலிலே சுருக்கென்று ஒரு வலி. விளக்கொளியில் விலகி ஊர்ந்து செல்வது, நூல்கள் கண்ணாடி விரியன் என்றும் நம்மவர் புடையன் என்றும் அழைக்கும் பாம்பு.

வன்னியிலே இது கதையன்று, ஆண்டுதோறும் நிகழ்வது. அயலவர் ஒருவரின் மோட்டார்ச் சைக்கிளில் அவரை ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றனர். அங்கே அவரது இரத்தத்தில் சிறிதளவு ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைக்கின்றனர். இரத்தம் உறையாவிடின் விஷம் உடலிற் பரவிவிட்டது என்பது பொருள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றப்படுகின்றது. இந்தியாவிலே குதிரைகளின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டு இங்கு வரவழைக்கப்படும் விலையுயர்ந்த மருந்து அது. ஒருவருக்குப் பத்துக் குப்பி, சில வேளைகளில் இருபது குப்பியும் வேண்டியிருக்கும். விடியும்போது கமக்காரர் கண் விழிக்கின்றார். அவரிடம் எவரும் ஒரு சதமும் கேட்கவில்லை.

இந்தக் காட்சியை நம் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். ஏனெனில், நோய்க்குச் சிகிச்சை பெறுவது ஏனைய பண்டங்களை வாங்குவது போன்றதே. அதனையும் சந்தையின் போக்கில் விட்டால் தரம் உயரும், செலவு குறையும் என்னும் வாதம் சில காலமாக உலகெங்கும் ஒலித்து வருகின்றது. நம் நாட்டிலும் அது ஒலிக்கின்றது. அந்த வாதத்தை வரம்பின்மீது நின்ற அந்தக் கமக்காரரிடம் கொண்டுசென்று உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சந்தைவாதிகள் கூறுவது

எதிர்த் தரப்பின் கூற்றை முதலில் நேர்மையுடன் கேட்டல் முறை. சந்தையை விரும்புவோர் கூறுவது முற்றிலும் பொய்யன்று. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை. வீண் செலவு மிகுகின்றது. போட்டி இல்லாத இடத்தில் ஊழியர் அசட்டையாயிருப்பர். நோயாளி தாம் விரும்பிய வைத்தியரைத் தெரிவு செய்ய இயலாது. பணம் கொடுப்பவர் கேள்வி கேட்கலாம்; இலவசமாகப் பெறுபவர் கைகட்டி நிற்கவேண்டும். இவையே அவர்களின் வாதங்கள்.

அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலே அதிகாலையிலிருந்து வரிசையில் நின்று, இரண்டு நிமிடப் பார்வைக்குப் பின் ஒரு கடுஞ்சொல்லையும் பெற்றுத் திரும்பியவர்கள், இவ்வாதங்களிற் சிலவற்றை மறுக்க மாட்டார்கள். நாமும் மறுக்கவில்லை.

ஆனால் சந்தை ஒழுங்காக நடைபெறுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வாங்குபவன் பொருளின் தன்மையை அறிந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்க அவகாசம் வேண்டும். விலை கட்டாவிடின் வேண்டாமென்று திரும்பி வரவும் இயலவேண்டும். கென்னத் அரோ என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1963 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலே, நோய் எப்போது வரும் என்பதும் சிகிச்சை என்ன பயன் தரும் என்பதும் நோயாளிக்குத் தெரியாத காரணத்தால், வைத்தியம் ஏனைய பண்டங்களைப் போன்றதன்று என விளக்கினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அவர் சந்தைப் பொருளியலை நன்கு கற்றவர், அதன் பகைவரல்லர்.

நம் கமக்காரரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். கிளிநொச்சியில் குப்பி என்ன விலை, வவுனியாவில் என்ன விலை என்று கேட்டறிய அவருக்கு நேரமுண்டா? பத்துக் குப்பி போதுமா, இருபது வேண்டுமா என்பது அவருக்குத் தெரியுமா? விலை அதிகம், நாளை வருகின்றேன் என்று எழுந்து செல்ல முடியுமா? விற்பவன் சொல்லுவதே விலை, அவன் கொடுப்பதே அளவு என்றாகும்போது, அங்கே நடப்பதைச் சந்தை என்று சொல்லவும் நா எழவில்லை.

இன்னொன்றையும் இங்கே நினைவுகூரலாம். நம் கிராமங்களில் விஷகடி வைத்தியர்கள் இருந்தனர். பாம்பு கடித்தவருக்கு வைத்தியம் செய்து கூலி வாங்கினால் மருந்து பலிக்காது என்பது அவர்களின் நம்பிக்கை. மருந்தின் வலிமையைப் பற்றி இன்றைய விஞ்ஞானம் வேறு கூறலாம். ஆயினும், உயிருக்குப் போராடுபவனிடம் விலை பேசுதல் தகாது என்னும் அறம் இங்கிலாந்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ நமக்கு வந்ததன்று. அது இம்மண்ணில் ஏற்கெனவே இருந்தது.

காய்ச்சல் நாடு

வன்னியின் பழைய வரலாற்றைப் புரட்டினால் இரண்டு சொற்கள் அடிக்கடி கண்ணிற் படும்: ஒன்று காய்ச்சல், மற்றையது பறங்கி நோய். பிரித்தானியர் காலத்து அதிகாரிகளின் அறிக்கைகள் இவற்றைப் பற்றி விரிவாகக் கூறுகின்றன. குளங்கள் உடைந்து கிடந்த நாட்டில் நுளம்பு பெருகியது, குடிகள் அருகினர், குடிகள் அருகியமையால் வைத்தியசாலை அமைப்பார் இல்லை. வாங்குவோர் சிலராகவும் ஏழைகளாகவும் இருக்கும் இடத்துக்கு எந்த வியாபாரியும் கடை கொண்டுவர மாட்டான் என்பதற்கு அக்கால வன்னி நல்ல சான்று.

1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையைத் தாக்கிற்று. எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டாண்டாக வன்னி போன்ற உலர்ந்த நிலத்து மக்களை வாட்டிய நோய், அந்த ஆண்டுகளிலே கேகாலை, குருநாகல் முதலிய, சனநெருக்கம் மிகுந்த மாவட்டங்களில் அழிவு செய்தபோதுதான் நாடு முழுவதும் திடுக்கிட்டது. 1931 இல் கிடைத்த சர்வசன வாக்குரிமையும் அப்போது கை கொடுத்தது. வாக்குக் கேட்டு வருபவரிடம் கிராமத்தார் மருந்துச்சாலை கேட்டனர். அதன் பின்னர் நாட்டுப்புறங்களில் மருந்துச்சாலைகளும் சிறு வைத்தியசாலைகளும் பெருகலாயின. 1951 அளவில் அரசாங்க வைத்தியசாலைச் சிகிச்சை பொதுவாகக் கட்டணமின்றியதாயிற்று.

விளைவு என்ன? 1935 இல், கொள்ளைநோயின் உச்சத்தில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று ஏறக்குறைய முப்பது. இலங்கை தன் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு நான்கு பங்களவே சுகாதாரத்திற்காகச் செலவிடுகின்றது. அதிலும் ஏறத்தாழப் பாதியே அரசாங்கத்தின் செலவு. சந்தை ஓங்கி நிற்கும் அமெரிக்காவிலோ நூற்றுக்குப் பதினேழு பங்களவு செலவாகின்றது. இவ்விரு நாட்டு மக்களின் சராசரி ஆயுட்காலங்களுக்கிடையே பெரிய வேறுபாடில்லை. வளமற்ற நாடொன்றில் இதனைச் சாதித்தவர்கள் பெரும்பாலும் மிதிவண்டியிற் சென்ற மருத்துவமாதரும், கிணற்றுக்கு மருந்திட்ட சுகாதாரப் பரிசோதகரும், தடுப்பூசி ஏற்றிய தாதியருமே.

மலேரியாவின் முடிவும் இதையே காட்டுகின்றது. 2012 ஒக்ரோபரில் இலங்கையிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி காணப்பட்டார்; 2016 செப்டெம்பர் 5 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. போர்க்காலத்திலும் வன்னிக் காடுகளின் ஓரத்தில் இரத்தப் பரிசோதனையும் நுளம்பு ஒழிப்பும் நடந்தமையாலேயே இது கைகூடிற்று. வராத நோயை எந்தக் கடையில் விற்பது? நுளம்பு இல்லாத ஊரை யார் விலைக்கு வாங்குவார்? எல்லோருக்கும் பயன் தந்து எவருக்கும் பற்றுச்சீட்டு எழுத முடியாத பணிகள் சில உள. அவற்றைப் பொதுச் சேவையே செய்ய முடியும்.

இருபத்தைந்து சதத்தின் பாடம்

இலவசம் என்றால் வீண் விரயம் என்போர் அறியவேண்டிய நிகழ்ச்சியொன்று நம் நாட்டிலேயே நடந்துள்ளது. 1971 இல் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினர். சிறு தொகைதானே என்று அன்று பலரும் எண்ணினர். ஆயினும் வருவோர் தொகை குறைந்தது. நோய் குறைந்ததனாலா? அன்று. கூலிக்கு உழைத்த குடும்பத்திலே தந்தைக்கு 25, தாய்க்கு 25, பிள்ளைகளுக்கு ஒவ்வொரு 25 என்று கணக்குப் பார்த்தபோது, முதலில் தாய் தன் நோயை மறைத்திருப்பாள் என்பதை நம் இல்லங்களை அறிந்த எவரும் ஊகிப்பர். 1977 இல் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது.

அதே 1971 இல் இன்னொரு காரியமும் தொடங்கிற்று. பேராசிரியர் சேனக பிபிலே அவர்களின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. விளம்பரப் பெயர்களைத் தவிர்த்து, மருந்தின் பொதுப் பெயரால், உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, குறைந்த விலைக்குத் தருவோரிடம் நாட்டுக்கு வேண்டிய மருந்தை வாங்குவதே அவர் வகுத்த முறை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிபிலே சந்தையை வெறுக்கவில்லை. விற்பவர்களுக்கிடையே போட்டியை மூட்டினார். ஆனால் விலை பேசும் வேலையை நோயாளியின் தலையில் சுமத்தாமல், நாட்டின் சார்பில் அறிந்தவர்கள் பேசுமாறு செய்தார். இம்முறையை உலகநாடுகள் பல பின்னர் உற்று நோக்கின.

அந்தப் பாதையில் நம் உறவு நாடொன்று நன்றாகவே நடந்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் 1994 இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தை அமைத்தது. மருந்துகள் திறந்த கேள்விப்பத்திரத்தின் மூலம் மொத்தமாக வாங்கப்படுகின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துத் தரம் சோதிக்கப்படுகின்றது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. எது எவ்வளவு எடுத்தார்கள் என்பது அதிலே பதியப்படுகின்றது. விற்பவனிடம் கண்டிப்பு, நோயாளியிடம் கட்டணமின்மை. சந்தை நிற்கவேண்டிய இடம் களஞ்சியத்தின் வாயிலேயன்றிக் கட்டிலின் அருகன்று என்பதை இதனால் அறியலாம்.

இங்கிலாந்தின் அனுபவமும் இதற்குத் துணை நிற்கின்றது. 1948 யூலை 5 இல் அங்கே தொடங்கிய தேசிய சுகாதார சேவை, 1991 முதல், வாங்கும் பகுதி ஒன்றாகவும் விற்கும் பகுதி ஒன்றாகவும் பிரிக்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டுச் சட்டம் போட்டியை மேலும் வலியுறுத்திற்று. முப்பதாண்டு கழிந்த பின், 2022 இல், சேவைகளைக் கட்டாயமாகப் போட்டிக்கு விடும் விதிகளை அந்நாடே நீக்கியது. தொடங்கியவர்களே திரும்பிய வழியில் நாம் புதிதாக ஓடவேண்டுமா என்பது கேள்வி.

போர் நடுவே ஒரு சேவை

வன்னியைப் பற்றிப் பேசுமிடத்து, 2009 ஐப் பேசாமல் கடந்து செல்லல் நேர்மையன்று.

போர்க்காலம் நெடுகிலும் விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகளிலும் அரசாங்க வைத்தியசாலைகள் இயங்கின. வைத்தியரும் தாதியரும் மருத்துவமாதரும் மத்திய அரசின் ஊதியத்தைப் பெற்று, போர்முனைக்கு மறுபுறத்திலிருந்த மக்களுக்குப் பணி செய்தனர். 2009 தொடக்கத்தில் கிளிநொச்சி வீழ்ந்தபின், சனங்கள் நகர நகர வைத்தியசாலையும் அவர்களுடன் நகர்ந்தது. பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் வீழ்ந்து நோயாளர் மாண்டதைச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு உலகுக்கு அறிவித்தது. பின்னர் புதுமாத்தளனில் ஒரு பாடசாலைக் கட்டடமே வைத்தியசாலையாயிற்று. டாக்டர் த. சத்தியமூர்த்தி, டாக்டர் து. வரதராஜா, டாக்டர் வீ. சண்முகராஜா முதலியோர் மயக்க மருந்தும் சேலைனும் அருகிய நிலையில் இறுதிவரை பணி புரிந்தனர். போர் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டனர். காயமுற்றோரைச் செஞ்சிலுவைக் கப்பல் திருகோணமலைப் பக்கம் ஏற்றிச் சென்றது.

இதிலிருந்து இரண்டு பாடங்களை நாம் பெறுகின்றோம். ஒன்று, இலாபக் கணக்குப் பார்க்கும் எந்த நிறுவனமும் அந்த மணற்றிடலில் ஒரு நாளும் தங்கியிருக்காது. கடமை என்ற ஒன்றே அங்கு ஆட்களை நிறுத்திற்று. மற்றது, பொதுச் சேவை என்றவுடன் அரசை வணங்கவேண்டியதில்லை. மருந்துக்கும் அனுமதி கேட்டு வன்னி காத்துக் கிடந்த ஆண்டுகளை நாம் மறக்கவில்லை. தருகின்ற கை மறுக்கின்ற கையாகவும் மாறலாம். ஆகையால் பொதுச் சேவையை விரும்புவோர், அது ஆட்சியாளரின் தயவாக இராமல் மக்களின் உரிமையாக இருக்கவேண்டும் என்பதிலும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

ஓசையின்றி வந்த சந்தை

சிலர் கேட்கலாம்: நம் நாட்டில் இலவச வைத்தியத்தை எவர் ஒழித்தார்? எந்தச் சட்டம் அதை நீக்கிற்று? ஒரு சட்டமும் நீக்கவில்லை. சந்தை பிரதான வாயிலால் வராமல் பின்கதவால் வந்தது.

1977 இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மருந்து இறக்குமதியில் அரச கூட்டுத்தாபனத்துக்கிருந்த தனியுரிமை போயிற்று. அரசாங்க வைத்தியர்கள் வேலைநேரம் தவிர்ந்த வேளையில் தனியாகச் சிகிச்சை செய்ய மீண்டும் இடமளிக்கப்பட்டது. தனியார் வைத்தியசாலைகள் பெருகின. இன்று விடுதியிலே தங்கிச் சிகிச்சை பெறுவோரில் மிகப் பெரும்பான்மையோர் அரசாங்க வைத்தியசாலைகளையே நாடுகின்றனர். வெளிநோயாளராகச் செல்வோரிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் பணம் கொடுத்துத் தனியாரிடம் செல்கின்றனர். நாட்டின் பெருந் தனியார் வைத்தியசாலைகளோ பெரும்பாலும் கொழும்பையும் அதன் அயலையும் சுற்றியே அமைந்துள்ளன. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வாழ்பவருக்கு "தெரிவுச் சுதந்திரம்" என்பது நீண்டதொரு பஸ் பிரயாணத்தின் மறுமுனையில் இருக்கும் சுதந்திரமாகும்.

2022 இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென அறிவித்தபோது நிலைமை மேலும் மோசமாயிற்று. மருந்துகள் அருகின, சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன, வைத்தியர் பலர் வெளிநாடு சென்றனர். தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்காலத்தில் நோயாளரின் கையிலே ஒரு சிறு துண்டு கொடுக்கப்பட்டது. "இம்மருந்து இங்கு இல்லை, வெளியில் வாங்கவும்." பார்வை இலவசம், கட்டில் இலவசம், வைத்தியரின் அறிவுரையும் இலவசம், மருந்துக்கு மட்டும் விலை. மருந்தில்லாத வைத்தியம் நீரில்லாத குளத்துக்கு ஒப்பானது. அந்தச் சிறு துண்டே சந்தையின் நுழைவுச்சீட்டு.

வவுனியாப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், வடமத்திய மாகாணத்தைப் போலவே வவுனியா மாவட்டத்தின் விவசாயிகளையும் பீடித்துள்ளது. நோய் முற்றினால் வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரமளவு, இயந்திரத்தின் மூலம் குருதியைச் சுத்திகரிக்க வேண்டும். இச்சிகிச்சையைத் தனியாரிடம் விலைக்குப் பெறுவதாயின் ஒரு சிறு கமக்காரரின் குடும்பம் எத்தனை மாதம் தாக்குப் பிடிக்கும்? முதலில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும், அடுத்து உழவு இயந்திரம், அதன்பின் வயற்காணி. கணவர் இறந்தபின் மனைவிக்கு எஞ்சுவது கடன் ஒன்றே.

அரசாங்க வைத்தியசாலையில் அது கட்டணமின்றிக் கிடைக்கும்போதும் முழுவதும் இலவசமாகிவிடுவதில்லை. வாரம் மூன்று முறை பஸ் செலவு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, நண்பகல் உணவு. இலவசம் என்று நாம் எழுதுவதற்குள் மறைந்திருக்கும் இக்கணக்கு, யாழ்ப்பாணத்தாருக்கும் கொழும்பாருக்கும் சிறிது. தூரமே நோயாகிய வன்னியாருக்குப் பெரிது. வன்னியில் எழும் முதற் கேள்வி, அரசா தனியாரா என்பதற்கும் முன்னால், "எவ்வளவு தூரம்?" என்பதே.

நம் பக்கத்துக் குற்றங்கள்

பொதுச் சேவையின் பக்கம் நிற்பவர்கள் அதன் குறைகளை மூடி மறைத்தல் அதற்கே தீங்காகும். சனங்கள் மாலையில் தனியார் மருந்தகத்தை நாடுவது ஆடம்பரத்தால் அன்று. பகலில் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றால் ஒரு நாட்கூலி போய்விடும். மாலையில் ஆயிரமோ இரண்டாயிரமோ ரூபா கொடுத்தால் நாட்கூலியாவது மிஞ்சும் என்பது அவர்களின் கணக்கு. இக்கணக்கைப் பிழை என்று எவர் சொல்லலாம்? மாலை வேளையிலும் திறந்திருக்கும் வெளிநோயாளர் பிரிவும், கிளினிக் நாளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் முறையும், முகம் பார்த்துப் பேசும் ஒரு நற்சொல்லும் இருந்தால் பாதிப்பேர் வெளியே செல்லமாட்டார்கள். இவை தனியாரிடமிருந்து நாம் வெட்கமின்றிக் கற்கவேண்டியவை.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு சொல். நெதர்லாந்தின் உதவியுடன் கிளிநொச்சி, வவுனியா, மாங்குளம், பருத்தித்துறை வைத்தியசாலைகளில் புதிய கட்டடங்களும் நவீன கருவிகளும் அமைக்கப்பட்டன. நல்லதே. ஆனால் கட்டடம் நோயைத் தீர்ப்பதில்லை. மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணி செய்பவன் என்று வைத்தியத்தை நான்காகப் பகுத்தார். வன்னியில் நோயாளி என்னும் முதற்பகுதிக்குக் குறைவில்லை. ஏனைய மூன்றும் வந்து தங்கவேண்டும். நிபுணர் வருகின்றார், சில காலத்தில் இடமாற்றம் பெற்றுச் செல்கின்றார். அடுத்தவர் வரும்வரை நோயாளர் அனுராதபுரத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பப்படுகின்றனர் என்பதே வன்னியாரின் நெடுநாட் குறை.

மாணவர்க்கு ஒரு சொல்

இவ்விடத்தில் நம் மாணவ மணிகளுடன் தனியே சிறிது பேச விரும்புகின்றோம்.

இந்நாட்டிலே பல்கலைக்கழக மருத்துவக் கல்வி இலவசம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் மாணவர்கள் மாவட்டப் பங்கினாலும், கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட சிறப்பு இடங்களினாலும் மருத்துவ பீடங்களுக்குச் செல்கின்றனர். 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் எத்தனையோ வன்னிப் பிள்ளைகள் கற்றுள்ளனர். அந்த இடம் எதற்காக ஒதுக்கப்பட்டது? பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளை மேலே வரவேண்டும் என்பதற்காக. அத்துடன் அம்மாவட்டத்துக்கு ஒரு வைத்தியர் கிடைக்கவேண்டும் என்பதற்காகவும் அன்றோ? நெடுங்கேணியிற் பிறந்த பிள்ளை நெடுங்கேணியின் பெயரால் இடம் பெற்று, மெல்பேர்ணிலோ இலண்டனிலோ மட்டும் பணி செய்வாராயின், அந்த ஊர் தன் பங்கை இருமுறை இழக்கின்றது.

வெளிநாடு செல்பவரை நாம் பழிக்கவில்லை. ஊதியம் போதாமையும், பிள்ளைகளின் கல்வியும், வேலைச் சுமையும் மெய்யான காரணங்களே. வன்னியில் பணி செய்பவருக்கு நல்ல விடுதியும், பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையும், கடினப் பிரதேசத்துக்குரிய மேலதிகப் படியும் கொடுக்கவேண்டியது அரசின் கடமை. தியாகத்தை மட்டும் நம்பி ஒரு சேவையை நடத்த முடியாது. ஆனால் தியாகம் முற்றாக நீங்கிய இடத்தில் சேவை என்னும் சொல்லும் நீங்கிவிடும்.

குடும்பங்களுக்கும் கடமை உண்டு. வைத்தியசாலைக்கென ஊரவர் கூடும் நலன்புரிச் சங்கம் இருப்பின் அதிலே சேர்ந்து, எந்த மருந்து எத்தனை நாளாக இல்லை என்று கேட்கலாம். கேட்டதை எழுத்திலும் வைக்கலாம். "வெளியில் வாங்கவும்" என்ற துண்டுகளைக் கிழித்தெறியாமல் சேர்த்து வைத்து, மாகாணச் சுகாதார அதிகாரிகளுக்குக் காட்டலாம். இரத்ததான முகாமுக்குச் செல்லலாம். இந்நாட்டிலே நோயாளருக்கு ஏற்றப்படும் இரத்தம் விலைக்கு வாங்கப்படுவதன்று. முன்பின் அறியாத ஒருவர் கொடுத்தது. ரிச்சார்ட் ரிற்மஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1970 இல், விலைக்கு வாங்கும் இரத்தத்தைவிடக் கொடையாகப் பெறும் இரத்தமே சமூகத்துக்கும் நோயாளிக்கும் நல்லதென ஒரு நூலில் வாதிட்டார். வன்னியிலே தமிழரின் இரத்தம் சிங்களவருக்கும், சிங்களவரின் இரத்தம் தமிழருக்கும், முஸ்லிம்களின் இரத்தம் இருவருக்கும் கணக்கின்றி ஏற்றப்படுகின்றது. சந்தை செய்ய முடியாத ஒன்றை இந்தச் சிறு பை செய்துவிடுகின்றது.

முடிவாக

சீர்திருத்தம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. மிகவும் வேண்டும். மருந்து வாங்கும்போது கடுமையான போட்டி வேண்டும். கணக்கு வெளிப்படையாக வேண்டும். பணி செய்யாதவரைக் கேள்வி கேட்கும் முறை வேண்டும். நோயாளியை மதிக்கும் பழக்கம் வேண்டும். இவற்றைச் சந்தையிலிருந்து கற்றாலும் தவறில்லை. ஆயினும் எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் அதனை அளக்கும் கோல் ஒன்று நம்மிடம் இருத்தல் வேண்டும். அக்கோல் கொழும்பின் அலுவலகத்தில் இல்லை. இரணைமடு வரம்பின்மீது இருக்கின்றது.

அந்தக் கமக்காரர் இன்றிரவும் நீர் திருப்பப் போவார். அவரை ஏற்றிவரும் மோட்டார்ச் சைக்கிள் வைத்தியசாலை வாயிலில் நிற்கும்போது, மின்விளக்கு எரிய வேண்டும். விழித்திருக்கும் வைத்தியர் ஒருவர் வேண்டும். குளிர்ப்பெட்டியில் இருபது குப்பி மருந்து வேண்டும். அவரது சட்டைப்பையில் என்ன இருக்கின்றதென்று எவரும் பார்க்கக்கூடாது. இந்நான்கும் உள்ளவரையில் நம் நாட்டில் பொதுச் சேவை உயிரோடிருக்கின்றது என்போம். இவற்றில் ஒன்று குறைந்தாலும், இலவச வைத்தியம் என்ற பெயர்ப்பலகை மட்டும் நின்று பயனில்லை.